மலைநாட்டு வளியும் மோட்டார்ப் பந்தயமும்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் காலத்தில், கொழும்பின் வெப்பத்தைத் தாங்கமாட்டாத மக்கள் கூட்டங் கூட்டமாக நுவரெலியாவை நாடிச் செல்வது இலங்கையில் நெடுநாளைய வழக்கமாகும். மலர்க் காட்சி, குதிரைப் பந்தயம் முதலிய களியாட்டங்களோடு மோட்டார் வண்டிகளின் மலையேற்றப் பந்தயமும் அக்காலத்துக்குரிய காட்சிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தினூடே வளைந்து வளைந்து ஏறும் பாதையில் 1934-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடாத்தப்பட்ட பந்தயம், இந்நாட்டின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயங்களுள் ஒன்றெனப் போற்றப்படுகின்றது. நானுஓயாவை அடுத்துள்ள ரதல்லையிலும் இத்தகைய மலையேற்றப் பந்தயம் நடைபெறுவதுண்டு.

இப்பந்தயங்களைக் காணச் செல்வோரிடையே ஒரு நம்பிக்கை நிலவுகின்றது. குளிர்ந்த காற்று எஞ்சினுக்கு உயிரூட்டும். ஆதலின் குளிர் மிக்க நுவரெலியாவில் மோட்டார் வண்டிகள் தாழ்நிலத்திலும் பார்க்க வலுவோடு ஓடும் என்பதே அந்நம்பிக்கை. இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. ஆயினும், அந்த ஒரு பகுதியைக் கொண்டு முழுமையையும் முடிவு செய்தல் பிழையாகும். மலைநாட்டு வளி குளிர்ச்சியினால் எஞ்சினுக்குக் கொடுப்பது சிறிது. உயரத்தினால் அதனிடமிருந்து பறிப்பது பெரிது. பறிக்கும்போதும், பெரிய வண்டியிலும் பார்க்கச் சிறிய வண்டியையே அது மிகுதியாக வருத்துகின்றது. இவ்வாறு நிகழ்வதன் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பந்தயத்தின் இயல்பு

மோட்டார்ப் பந்தயங்களிற் பலவகையுண்டு. பல வண்டிகள் ஒருங்கே புறப்பட்டு ஒன்றையொன்று முந்த முயலும் சுற்றுப் பந்தயம் ஒருவகை. ‘டிறாக்’ பந்தயம் என அமெரிக்க நாட்டிலே பெருவழக்குப் பெற்றிருப்பது பிறிதொருவகை. நேரான, மட்டமான பாதையில், நின்ற நிலையிலிருந்து புறப்படும் வண்டி கால் மைல் தூரத்தை, அஃதாவது ஏறத்தாழ 402 மீற்றரை, எத்துணை விரைவிற் கடக்கின்றது என்பதே அங்கு சோதிக்கப்படுவது. வளைவுகளிலே வண்டியைத் திருப்பும் திறமைக்கு அதில் இடமில்லை. புறப்படும் கணத்தில் சக்கரம் வழுக்காது காத்தலும் உரிய நேரத்திற் பற்சக்கர நிலையை மாற்றுதலும் ஓட்டுநரின் கடன். எஞ்சிய யாவும் எஞ்சினின் வலுவையும் வண்டியின் நிறையையும் பொறுத்தன.

மலையேற்றப் பந்தயம் இதற்கு நெருங்கிய உறவுடையது. இதிலும் வண்டி நின்ற நிலையிலிருந்தே புறப்படும், தனித்தே ஓடும், அதன் எதிரி கடிகாரமேயன்றிப் பிறிதொரு வண்டியன்று. வேறுபாடுகள் இரண்டு: பாதை வளைந்து செல்லும், புவியீர்ப்பு வண்டியை ஓயாது பின்னுக்கு இழுக்கும். இவ்விரு பந்தயங்களிலும் வெற்றி தோல்வியை உறுதி செய்வன செக்கனின் பத்திலொரு பங்கும் நூறிலொரு பங்கும் ஆதலால், எஞ்சினின் வலுவைச் சிறிதே குறைக்கும் காரணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அத்தகைய காரணங்களுள் முதன்மையானது கண்ணுக்குப் புலனாகாத வளியாகும்.

வளியின் நிறை

வளிக்கு நிறையுண்டு என்பதும், அந்நிறையே வளியமுக்கத்துக்குக் காரணம் என்பதும் பதினேழாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட உண்மைகள். இத்தாலிய அறிஞர் தொரிசெல்லியின் கருத்துப்படி 1643-இல் இரசப் பாரமானிச் சோதனை செய்யப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின், 1648-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் வேண்டிக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே என்பவர், பூய்-த-டோம் என்னும் மலையின் அடிவாரத்திலும் உச்சியிலும் இரசத்தின் உயரத்தை அளந்தார். உச்சியில் இரசம் 8 சதமமீற்றருக்குச் சற்று மேலாகத் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்ல, தலைக்கு மேலுள்ள வளியின் சுமை குறைகின்றது. சுமை குறைய அமுக்கமும் குறைகின்றது என்பது அன்றே ஐயத்துக்கிடமின்றிப் புலனாயிற்று.

அப்பிரெஞ்சு மலையின் உயரம் 1,465 மீற்றர். நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர், அஃதாவது 6,100 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. பெரியே அரும்பாடுபட்டு ஏறிய மலையுச்சியிலும் உயரமான இடத்தில் இங்கே ஒரு நகரமும், ஏரியும், குதிரைப் பந்தயத் திடலும் அமைந்திருக்கின்றன. கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் அளவில் நிற்கும் இரசம் நுவரெலியாவில் ஏறத்தாழ 610 மில்லிமீற்றரளவிலேயே நிற்கும். சுருங்கக் கூறின், கடற்கரையில் உள்ள வளியமுக்கத்தில் ஐந்திலொரு பங்கு அங்கு இல்லை. இதனை அறியப் பாரமானியும் வேண்டியதில்லை. அடுப்பிலேற்றிய கேத்தலே போதும். கொழும்பில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்குகின்றது. உலகம் போற்றும் தேயிலையை விளைவிக்கும் அம்மலையிலே தேநீருக்குக் கொதிநீர் சற்றுச் சூடு குறைந்தே கிடைக்கின்றது என்பது ஒரு வேடிக்கையான உண்மை.

இங்கே ஒரு பிழையான கருத்தை நீக்குதல் தகும். மலைமேல் ஒட்சிசனின் விகிதம் குறைவு என்று மாணவர் சிலர் எழுதுவர். அது பொருந்தாது. கடற்கரையிலும் மலையுச்சியிலும் உலர்ந்த வளியின் கனவளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு ஒட்சிசனேயாம். குறைவது விகிதமன்று, ஒரு குறித்த கனவளவினுள் அடங்கும் வளி முழுவதன் திணிவே. அதனையே அடர்த்தி என்பர்.

குளிர் கொடுப்பதும் உயரம் எடுப்பதும்

அடர்த்தியை உறுதி செய்வன முக்கியமாக இரண்டு: அமுக்கமும் வெப்பநிலையும். அமுக்கம் குறைந்தால் அடர்த்தி குறையும். வெப்பநிலை குறைந்தால் அடர்த்தி கூடும். மலைநாட்டில் இரண்டும் ஒருங்கே குறைகின்றமையால், ஒன்று எடுப்பதை மற்றொன்று ஓரளவு திருப்பிக் கொடுக்கின்றது. எவ்வளவு எடுக்கின்றது, எவ்வளவு கொடுக்கின்றது என்பதே கேள்வி.

வெப்பநிலை 30 பாகையாக உள்ள கொழும்பு நண்பகலில், ஒரு கனமீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.15 கிலோகிராம் எனக் கணிக்கலாம். 1,271 மீற்றர் உயரத்திலுள்ள அட்டனில், 24 பாகை வெப்பத்தில், அது ஏறத்தாழ 1.01 கிலோகிராமாகும். நுவரெலியாவில், 18 பாகை வெப்பத்தில், 0.97 கிலோகிராமளவே. கொழும்போடு ஒப்பிடுமிடத்து அட்டன் நூற்றுக்கு 12 பங்கையும், நுவரெலியா நூற்றுக்கு 16 பங்கையும் இழந்து நிற்கின்றன. அமுக்கம் மட்டும் குறைந்து, வெப்பநிலை கொழும்பைப் போன்றே இருந்திருப்பின், நுவரெலியாவின் இழப்பு 20 பங்கை எட்டியிருக்கும். குளிர்ச்சியின் கொடை ஏறக்குறைய நான்கு பங்கு. உயரத்தின் கொள்ளை இருபது பங்கு. குளிர்ந்த காற்று எஞ்சினுக்கு நன்மை செய்யும் என்பது உண்மை. ஆனால் அந்நன்மை, பெருங்கடனாளிக்குக் கிடைத்த சிறு சலுகை போன்றதே.

ஈரப்பதனும் இக்கணக்கிற் சேரும். ஈரக்காற்றுப் பாரமானது என்பது பொதுவான எண்ணம். உண்மை இதற்கு மாறானது. நீராவியின் மூலக்கூறு, நைதரசன், ஒட்சிசன் என்பவற்றின் மூலக்கூறுகளிலும் பாரங் குறைந்தது. ஆகவே நீராவி கலந்த வளி உலர்ந்த வளியிலும் இலேசானது. அன்றியும், நீராவி பிடித்துக்கொள்ளும் இடத்தை ஒட்சிசன் பெறுவதில்லை. வெப்பமிக்க கடற்கரை வளி மலைநாட்டு வளியிலும் மிகுந்த நீராவியைத் தாங்கவல்லது ஆதலால், இவ்வொரு துறையில் மட்டும் மலைநாட்டுக்குச் சிறிது ஆதாயமுண்டு.

பந்தயத் துறையினர் இக்காரணங்கள் யாவற்றையும் ஒன்றாகத் திரட்டி, ‘அடர்த்தி உயரம்’ என்னும் ஓர் அளவாற் குறிப்பர். அன்றைய வளியின் அடர்த்தி, நியம வளிமண்டலத்தில் எந்த உயரத்துக்குரியதோ அதுவே அடர்த்தி உயரமாகும். நியம வளிமண்டலத்தின் கடல் மட்ட வெப்பநிலை 15 பாகையே. ஆகையால், வெப்பம் மிகுந்த கொழும்பு நண்பகலும் இவ்வளவின்படி 2,000 அடிக்கு மேற்பட்ட ஓரிடம்போல ஒழுகும். மேற்கூறிய நிலையில் நுவரெலியா ஏறத்தாழ 7,900 அடி உயரமுள்ள இடம்போல ஒழுகும். பீதுறுதாலகால மலையின் உச்சி 8,281 அடி. பாதை நகரத்தின் அருகே கிடப்பினும், எஞ்சின் ஏறக்குறைய அம்மலையுச்சியை எட்டிய உயரத்துக்குரிய வளியையே உட்கொள்கின்றது எனலாம்.

எஞ்சினின் மூச்சு

பெற்றோலிலேயே வலு இருக்கின்றது என்று கருதுவோர் பலர். பெற்றோல் தனித்து எரியமாட்டாது. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். ஆகவே எஞ்சினின் வலுவுக்கு எல்லை வகுப்பது பெற்றோல் தாங்கியன்று. உருளைகள் உள்ளிழுக்கும் வளியின் திணிவேயாம்.

1,500 கனசதமமீற்றர் கொள்ளளவுள்ள ஒரு நாலடிப்பு எஞ்சினை எடுத்துக்கொள்க. நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது, ஒவ்வோர் உருளையும் இரு சுழற்சிக்கு ஒருமுறை மூச்செடுக்கும். உருளைகள் முற்றாக நிரம்புவதாகக் கொண்டால், நிமிடமொன்றுக்கு நான்கரைக் கனமீற்றர் வளி உட்செல்லும். இக்கனவளவு கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒன்றே, திணிவோ வேறு. கொழும்பில் அது 5.2 கிலோகிராம், நுவரெலியாவில் 4.4 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. எரியக்கூடிய பெற்றோலும் அவ்விகிதப்படியே குறையும். கொழும்பில் 100 பரிவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் ஏறத்தாழ 84 பரிவலுவே தரும்.

விலங்கின் உடம்பும் மனித உடம்பும் இத்தகைய இழப்பை ஓரளவு ஈடுசெய்ய வல்லன. மலையில் வாழ்வோரின் குருதியிற் செங்கலங்கள் பெருகுகின்றன. 1968-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்தபோது, நெடுந்தூர ஓட்டத்திலே தாழ்நிலத்து வீரர் பலர் மூச்சுத் திணறித் தளர்ந்தனர். உயர்நிலங்கள் மிக்க கென்யா நாட்டைச் சேர்ந்த நப்தாலி தெமு 10,000 மீற்றர் ஓட்டத்தில் வெற்றி பெற்றார். அதே நகரில், மூச்சு அதிகம் வேண்டாத குறுந்தூர நிகழ்ச்சிகள் அடர்த்தி குறைந்த வளியின் தடை குறைந்தமையாற் பயன் பெற்றன; பொப் பீமன் 8.90 மீற்றர் நீளம் பாய்ந்து உலகை வியப்பில் ஆழ்த்தியமைக்கு அதுவும் ஒரு துணைக் காரணமெனக் கூறப்படுகின்றது. இரும்பாலான எஞ்சினுக்கோ பழக்கத்தால் வரும் பலம் எதுவுமில்லை. நுவரெலியாவில் பத்தாண்டு ஓடிய வண்டியும் நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த வண்டியும் ஒரே குறையையே அனுபவிக்கின்றன.

வளித்தடை என்னும் ஆறுதல்

அடர்த்தி குறைந்த வளி எஞ்சினுக்குத் தீங்கு செய்யினும், வண்டியைத் தடுக்கும் வளித்தடையையும் அது குறைக்கின்றதன்றோ, ஈடாகிவிடாதோ எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். ஒரு நடுத்தரக் கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது, கொழும்பில் அதன்மீதுள்ள வளித்தடை ஏறத்தாழ 310 நியூற்றன் என்க. நுவரெலியாவில் அது 260 ஆகக் குறையும். ஆதாயம் 50 நியூற்றன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வாதாயம் 20 நியூற்றனைக்கூட எட்டாது. சக்கரங்களில் 4,000 நியூற்றன் உந்துவிசை உள்ள வண்டி, எஞ்சினின் தளர்ச்சியால் இழப்பதோ 640 நியூற்றன். நூற்றுக்கணக்கில் இழந்து, பதின்கணக்கிற் பெறுவது ஈடாகாது. மிகப் பெரும் வேகத்தில் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கே இவ்வாறுதல் பொருட்படுத்தத்தக்கது. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அத்தகைய வேகத்துக்கு இடமேது?

மட்டமான கால் மைல் பந்தயத்தில் இவ்விழப்பு நேரத்தை எவ்வளவு கூட்டும் என்பதற்கு ஓர் எளிய விதியுண்டு: ஓட்ட நேரம், நிறையை வலுவால் வகுக்க வரும் ஈவின் கனமூலத்துக்கு ஏற்ப மாறுகின்றது. வலு நூற்றுக்கு 16 பங்கு குறைந்தால், நேரம் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு கூடும். கடற்கரையில் 15 செக்கனில் ஓடிய வண்டி, நுவரெலியாவை ஒத்த உயரத்தில் 15.9 செக்கன் எடுக்கும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்கு அருகே, நுவரெலியாவிலும் சற்றே தாழ்ந்த உயரத்தில், பண்டிமியர் என்னும் பந்தயப் பாதை 1958 முதல் 2023 வரை இயங்கிற்று. அங்கு பெற்ற நேரத்தைத் தாழ்நிலத்து நேரத்தோடு நேரே ஒப்பிடாது, உயரத்துக்கென வகுத்த திருத்தக் காரணியாற் பெருக்கியே ஒப்பிடும் முறையை அந்நாட்டு டிறாக் பந்தயச் சங்கத்தினர் கைக்கொண்டனர். உயரம் வேறாயின் நேரமும் வேறாகும் என்பதைச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்ட நேர்மை அது.

எளியோரைக் கூடுதலாக வருத்தும் ஏற்றம்

மலையேற்றப் பந்தயத்தின் தனிச்சிறப்பு இனியே புலப்படும். வளி எஞ்சினுக்குச் செய்யும் குறை எல்லா வண்டிக்கும் ஒரே விகிதமே. ஆயினும், அக்குறையின் விளைவு எல்லா வண்டிக்கும் ஒன்றன்று. காரணம், புவியீர்ப்பு மலையேறியும் குறைவதில்லை என்பதே.

1,000 கிலோகிராம் திணிவுள்ள இரு வண்டிகள், பத்துக்கு ஒன்று என்னும் சாய்வில் ஏறுகின்றன எனக் கொள்க. ஒவ்வொன்றையும் புவியீர்ப்பு ஏறத்தாழ 980 நியூற்றன் விசையோடு பின்னிழுக்கும். சக்கரங்களின் உருளல் தடை 150 நியூற்றன் எனக் கொண்டால், மொத்தத் தடை 1,130 நியூற்றன். உந்துவிசையில் இத்தடை போக எஞ்சுவதே வண்டிக்கு வேகவளர்ச்சியைத் தரும்.

முதல் வண்டி பெரிய எஞ்சினுடையது. கடல் மட்டத்தில் 4,000 நியூற்றன் தரவல்லது. அதே சாய்வு கடல் மட்டத்தில் இருப்பின், எஞ்சும் விசை 2,870. நுவரெலியாவில் உந்துவிசை 3,360 ஆகக் குறைய, எஞ்சுவது 2,230. இழப்பு நூற்றுக்கு 22.

இரண்டாவது வண்டி சிறிய எஞ்சினுடையது. அதன் உந்துவிசை 2,000 நியூற்றன். கடல் மட்டத்தில் எஞ்சுவது 870. நுவரெலியாவில் உந்துவிசை 1,680 ஆக, எஞ்சுவது 550. இழப்பு நூற்றுக்கு 37.

இருவரிடமும் ஒரே விகிதத்தில் வரி அறவிடப்பட்டது; செல்வனுடைய கையிருப்பில் ஐந்திலொன்றுக்குச் சற்று மேலாகவே குறைந்தது; எளியவனுடைய கையிருப்பிலோ மூன்றிலொன்றுக்கு மேல் மறைந்தது. இன்றியமையாச் செலவு இருவருக்கும் ஒன்றாயிருப்பதே இதற்குக் காரணம். வண்டிகளை எஞ்சினின் கொள்ளளவின்படி வகுப்புகளாகப் பிரித்து, அவ்வவ் வகுப்பினுள்ளேயே பரிசளிக்கும் வழக்கம் எந்தப் பந்தயத்துக்கும் நன்று. மலையேற்றப் பந்தயத்துக்கோ அது நீதியின்பாற்பட்டது.

பரிகாரங்கள்

இக்குறையை நீக்கப் பொறியியலாளர் கண்ட வழிகள் சிலவற்றை அறிதலும் பயனுடைத்து.

பழைய வண்டிகளில் பெற்றோலையும் வளியையும் கலக்கும் கருவி காபுரேற்றர் ஆகும். வளியின் அடர்த்தி குறையும் அளவுக்கு அது பெற்றோலைக் குறைப்பதில்லை. நுவரெலியாவின் உயரத்தில் அதன் கலவை நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெற்றோல் மிகுந்ததாகிவிடும். எரியாத பெற்றோல் கரும்புகையாக வெளியேறும். தீப்பொறிச் செருகி கரிபிடிக்கும். உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலமும் கழுவப்படும். ஆதலின், பந்தயத்துக்கு முன் பெற்றோல் செல்லும் ‘ஜெற்’ என்னும் நுண்துளைத் திருகாணியைக் கழற்றி, சிறிய துளையுள்ளதை இடுவர். இதனால் வீணாகும் வலு மீளும். இல்லாத வளி வந்துவிடாது. மேலும், இவ்வாறு திருத்திய வண்டியை அப்படியே கொழும்புக்கு ஓட்டிச் செல்லுதல் ஆபத்தானது. அடர்ந்த வளியில் பெற்றோல் போதாத கலவை மிகுவெப்பத்தோடு எரிந்து, ஆடுதண்டையும் வால்வையும் கெடுக்கக் கூடும். மலைக்கென மாற்றியதை மலையிலிருந்து இறங்குமுன் மீண்டும் மாற்றுவதே முறை. இக்காலத்து வண்டிகளில் உணர்கருவிகள் அமுக்கத்தை அறிந்து கலவையைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

வளியை வலிந்து புகுத்துவதே உண்மையான பரிகாரம். வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் விசிறியைக் கொண்டு வளியை நெருக்கி உட்செலுத்தும் கருவிக்கு, சுவிற்சலாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905-இல் உரிமம் பெற்றார். 1918-இல் சான்போர்ட் மொஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ‘லிபேட்டி’ என்னும் விமான எஞ்சினைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், கொண்டு சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 350 பரிவலு தந்த அவ்வெஞ்சின், உச்சியில் ஏறத்தாழ 230 பரிவலுவே தந்தது. அமுக்கும் விசிறியைப் பொருத்தியதும் இழந்ததை முற்றாக மீளப் பெற்றது. இன்று ‘டேர்போ’ என வழங்குவது இக்கருவியே.

மூன்றாவது வழி, வளியே வேண்டாத எஞ்சின். அதே பைக்ஸ் சிகரத்தில் 1916 முதல் மலையேற்றப் பந்தயம் நிகழ்ந்து வருகின்றது. அங்கே 2018-ஆம் ஆண்டில், றொமெய்ன் டியூமா என்பவர் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்து மின்சார வண்டியொன்றை ஓட்டி, 7 நிமிடம் 57.148 செக்கனில் உச்சியை அடைந்தார். அதற்கு முன், 2013-இல் பெற்றோல் வண்டியொன்றால் நிலைநாட்டப்பட்ட சாதனை 8 நிமிடம் 13.878 செக்கன். மின்மோட்டார் மூச்செடுப்பதில்லை, ஆதலின் உயரம் அதன் வலுவைத் தொடுவதில்லை. ஏனைய எஞ்சின்கள் உச்சியை நெருங்குந்தோறும் தளர, மின்சார வண்டி புறப்பட்ட வலுவோடே சென்று சேர்ந்தது.

பந்தயத்துக்கு அப்பால்

பந்தயம் ஆண்டில் ஒருமுறை வருவது. இவ்விதியோ நாள்தோறும் மலைப்பாதைகளிலே தொழிற்படுகின்றது. கினிகத்தேனை வழியாக அட்டனுக்கும், றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும் ஏறும் பஸ்களும், தேயிலை சுமக்கும் லொறிகளும் இதே வளியையே உட்கொள்கின்றன. பழைய முறையில் அமைந்த டீசல் எஞ்சினின் பம்பி, உயரத்தைக் கருதாது கீழ்நாட்டில் விதித்த அளவு டீசலையே உட்செலுத்தும். எரியாத மிகுதி கரும்புகையாகிப் பாதையோரத்து லயன்களையும் பள்ளிக்கூடங்களையும் சூழும். அளவுக்கு மீறிச் சுமையேற்றப்பட்ட வண்டி, தாழ்நிலத்தில் ஏறிய அதே சாய்வை மலைநாட்டில் ஏறமாட்டாது இடைவழியில் திணறி நிற்கும். அவ்வாறு நிற்கும் வண்டியை எஞ்சின் பழுதென்று பழிப்பதற்கும் ஓட்டுநரை ஏசுவதற்கும் முன், அவ்வெஞ்சினுக்குக் கிடைத்த வளி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைப்பாதையில் ஏற்றத்தக்க சுமையைத் தாழ்நிலத்துக் கணக்கால் விதித்தல் தகாது.

கடிகாரம் பொய் கூறுவதில்லை; ஆயினும் அது முழுக்கதையையும் கூறுவதில்லை. ஒரு வண்டி இத்தனை செக்கனில் ஓடிற்று என்பது கடிகாரத்தின் சாட்சியம். எந்த உயரத்தில், எந்த வெப்பத்தில், எந்தச் சாய்வில் ஓடிற்று என்பது பாரமானியும் வெப்பமானியும் கூறவேண்டிய சாட்சியம். எல்லாச் சாட்சியங்களையும் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறுதல் நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி, அறிவியலுக்கும் உரிய ஒழுக்கமாகும். மாகஸ்தோட்டையின் உச்சிக்கோட்டை வகுப்பிற் கடைசியாகக் கடந்துவரும் சிறிய வண்டியைக் கண்டு நகைப்போர், அது தன் வலுவிற் பெரும்பகுதியை மலைக்கும் வளிக்கும் செலுத்தி, எஞ்சிய சிறிதைக் கொண்டே அங்கு வந்து சேர்ந்தது என்பதை அறிவாராயின், கைகொட்டி வரவேற்பர்.